அறக்கொட்டியும் தசமப் புள்ளியும்

கிளிநொச்சிப் பக்கம் வயலில் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எங்கள் மாமாவுக்கு அதில் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. "புத்தகத்தில என்ன கிடக்கெண்டு பாப்பம், வா" என்று என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

நூலகர் ஒரு துண்டில் 633.18 என்று எழுதிக் கொடுத்தார். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்க அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் போட்ட கணக்குத்தான் இன்றும் எங்கள் புத்தக இறாக்கைகளை ஆள்கிறது: 630 விவசாயம், 633 வயற்பயிர், புள்ளி பதினெட்டு நெல். மாமா துண்டைப் பிடித்தபடி புத்தக முதுகுகளைக் குனிந்து குனிந்து வாசித்தார். 633.2 வந்தது. பதினெட்டு வர இன்னும் கிடக்கு என்று நடையைக் கட்டினார். கரும்பைத் தாண்டி, தேயிலையைத் தாண்டி, 634-க்குள் புகுந்த பிறகுதான் நின்றார்.

"பிள்ளை, இங்க மாமரமெல்லோ நிக்குது!"

நூலகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "ஐயா, ரூபா சதம் மாதிரிப் பாருங்கோ. புள்ளி பதினெட்டு, பதினெட்டுச் சதம். புள்ளி இரண்டு, இருபது சதம். எது முதல் வரும்?"

காசுக் கணக்கில் மாமாவை யாரும் வெல்ல முடியாது. விறுவிறு என்று திரும்பி நடந்தார். 633.2 தீவனப்புல் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே புளுகம். "நெல்லுக்குப் பக்கத்திலயே புல்லையும் வைச்சிருக்கிறான். வயல் தெரிஞ்ச மனுசன்தான்."

சரி, இடம் கிடைத்தது, புத்தகத்தைக் காணோம். நூலகர் நேரே 641.5-க்குப் போய், இடியப்பத்துக்கும் புட்டுக்கும் நடுவிலிருந்து அதை உருவி எடுத்தார். நெல்லென்றால் சோறுதானே என்று யாரோ புண்ணியவான் அங்கே சொருகிவிட்டுப் போயிருக்கிறார். எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விடுங்கள் என்று எழுதி ஒட்டுவது இதற்குத்தான். நாங்கள் கேட்டால்தானே.

மாமா உடனே கிளம்புவார் என்று பார்த்தால், அடுத்த இறாக்கையில் கணக்கெடுப்பு நடக்கிறது. 636.2 மாடு, 636.39 ஆடு, 636.5 கோழி.

"எங்கட வளவு முழுக்க இங்கதான் நிக்குது. யானை எங்க பிள்ளை?"

"அது 599.67 ஐயா. அங்கால, விலங்கியலில."

"நல்லது. வயலுக்குக் கிட்ட வராமல் அங்கயே நிக்கட்டும்."