பஞ்சாரம் திறப்பதற்கு முன்

கடலூர் மாவட்டத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. எங்கள் சேவை எப்படி என்று படிவத்தை நீட்டிக் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கு சார்" என்று கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள். படிவம் பைக்குள் போனபிறகுதான் உண்மையான பதில் வரும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் அம்மா கேட்டார்: "கழிச்சலுக்கு ஊசி போடணும்னு எனக்குத் தெரியாதா தம்பி? நீங்க பதினோரு மணிக்கு வர்றீங்க. பஞ்சாரத்தை ஆறு மணிக்கே தொறந்தாச்சு. இப்ப எந்த முந்திரித் தோப்புல போய் கோழியைப் புடிக்கிறது?"

நேரம் மட்டுமல்ல, குப்பியும் ஒரு சிக்கல். எட்டு வாரக் கோழிக்குப் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, நூறு கோழிக்கு ஒரு குப்பி என்ற கணக்கில் வரும். ஐஸில் வைத்தே கொண்டுபோக வேண்டும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஏழெட்டுக் கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்? தெருவே சேர்ந்தால்தான் ஆகும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள், சரி. அதற்குப் பிறகு பொரிக்கும் குஞ்சுகள் அடுத்த முகாம் வரை அம்போதான். விடியற்காலையில் போய் நின்றால் வேலை முடியும். ஆனால் எங்கள் வருகைப் பதிவேடு பத்து மணிக்குத்தான் தொடங்கும்.

கறிக்கோழிப் பண்ணைக்காரர்கள் கதை வேறு. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, உழைப்பு, கரண்டு பில் இவர்களுடையது. ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் செலவானது என்பதைப் பொறுத்து வளர்ப்புக் கூலி ஏறும், இறங்கும். கத்திரி வெயிலில் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவதையும் மதியத்தில் தீவனத்தை நிறுத்துவதையும் நாங்கள் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் நேராகவே சொன்னார்: "சூப்பர்வைசர் சொல்றது கோழிக்கு நல்லதா, கம்பெனிக்கு நல்லதான்னு கண்டுபிடிக்கத்தான் சார் எனக்கு ஆள் வேணும்."

அவர் நீட்டியது கூலிக் கணக்குச் சீட்டு. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைப் படிக்கக் கற்றுத் தருவதில்லை. கோழி நோய்க்குப் படம் போட்டு விளக்கத் தெரிந்த எங்களில் பலருக்கே அந்தச் சீட்டு புதுசு. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, இறங்கிய மூட்டைகளைக் கூட்டி, மீதியைக் கழித்து, பிடித்த எடையால் வகுத்தோம். கம்பெனிக் கணக்கு சரியாகவே இருந்தது. அவருக்கு அதில் வருத்தமும் நிம்மதியும்.

அடுத்த பேட்ச் இறங்கிய இரண்டாம் நாளே போன் வந்தது. "தெர்மாமீட்டர் 95 காட்டுது சார், குஞ்செல்லாம் பல்புக்கு அடியில குவிஞ்சு நிக்குதே?" தெர்மாமீட்டரை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தன் இடுப்பு உயரம் என்றார். குஞ்சின் முதுகு உயரத்துக்கு இறக்கிப் பார்க்கச் சொன்னேன்.