வாளித் தண்ணீரில் வந்த நீலத் திமிங்கிலம்

மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த கோடு, நேற்றிரவு கரண்ட் போனதும் திரையிலிருந்து மறைந்துவிட்டது.

திருகோணமலைக்குக் கொண்டுபோக, நீலத் திமிங்கிலப் பாட்டைப் பதிய, பீசோ தட்டில் (அதிர்வை மின்சாரமாக்கும் சிறு வட்டு) ஒரு ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடி மைக், செய்திருக்கிறேன். பண்டாரவளையில் கடலுக்கு எங்கே போவது? வாளித் தண்ணீரில் தொங்கவிட்டுத்தான் சோதனை. பதிவைத் துண்டுகளாக வெட்டி, திமிங்கிலக் குரலை அடையாளம் காண நான் பழக்கும் நிரலோ துண்டுக்குத் துண்டு ‘நீலத் திமிங்கிலம்’ என்று அடித்துச் சொன்னது. ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்தச் சுருதி ஒலித்தது என்று காட்டும் படம்) 100 ஹெர்ட்ஸில் ஒரு நேர்கோடு. லெப்டொப் பெட்டரிக்கு மாறியதும் அது இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபிரிட்ஜ் அதன் இரட்டிப்பில் முனகுகிறது.

நம் கடலில் பாடும் நீலத் திமிங்கிலத்தின் பாட்டு மூன்று பகுதி. கடைசிப் பகுதி இருபது விநாடிக்கு மேல் இழுக்கும் ஒரே சுருதி. 2002இல் 106 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது, வருடா வருடம் இறங்கி 2013இல் 101க்குக் கிட்ட வந்துவிட்டது. அதாவது, ஃபிரிட்ஜ் முனகலுக்குப் பக்கத்திலேயே.

தவறு நான் வெட்டிய விதத்தில். 2013இல் கோர்னெல் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்திய, திமிங்கிலக் குரல் கண்டறியும் போட்டியின் அளவையே எடுத்திருந்தேன்: ஒலியை நொடிக்கு 2000 முறை அளப்பது, 2 விநாடித் துண்டு. அங்கே தேடியது ரைட் திமிங்கிலம் என்ற வேறொரு இனத்தின் குரலை. சட்டென்று மேலேறி முடிந்துவிடும், 2 விநாடி தாராளம். நம் திமிங்கிலத்தின் நீண்ட சுருதியை 2 விநாடிக்கு வெட்டினால் அதுவும் நேர்கோடு, ஃபிரிட்ஜும் நேர்கோடு. போதாததற்கு எஃப்எஃப்டி, அதாவது ஒலியைச் சுருதிகளாகப் பிரிக்கும் கணக்கு, 256 புள்ளி. படத்தில் ஒரு கட்டம் 7.8 ஹெர்ட்ஸ் அகலம். 100உம் 101உம் அதில் எப்படிப் பிரியும்?

2048 புள்ளிக்கு மாற்றினேன். கட்டம் 1 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. நேரம் ஒரு விநாடி அளவுக்கு மங்கும். இருபது விநாடிச் சுருதிக்கு அது பொருட்டே இல்லை. துண்டை 60 விநாடியாக நீட்டினேன். இப்போது படம் பேசுகிறது: 60 ஹெர்ட்ஸை ஒட்டி ஏறும் நடுப் பகுதி, அதன் பின் நீண்ட கோடு, அப்புறம் அமைதி. ஃபிரிட்ஜ் கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பழைய லெப்டொப்பில் பயிற்சி முடிய விடிந்துவிட்டது. ஆனால் வாளிப் பதிவு ஒன்றைக்கூட அது திமிங்கிலம் என்று சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

இந்த முனகலைத் தடுக்க வயர் வாங்குபவர்களுக்கு ஒன்று: கவசமுள்ளது என்று ஒரு கடையில் தந்ததை உரித்துப் பார்த்தேன், உள்ளே வலைப் பின்னலே இல்லை. கடையிலேயே நுனியை உரித்துப் பாருங்கள். பீசோ தட்டை நேரே லெப்டொப்பின் மைக் துளையில் செருகவும் வேண்டாம்; தாழ்ந்த ஒலியெல்லாம் செத்துவிடும். உள்ளீட்டு மின்தடை 1 மெகாஓமுக்குக் குறையாத முன்பெருக்கி (சிக்னலை முதலில் பெருக்கித் தரும் சிறு சுற்று) வேண்டும். என்னுடையது இன்னும் பாதிதான் பற்றவைத்தபடி கிடக்கிறது.

மார்ச்சில் திருகோணமலை போக வேண்டும். இரண்டு திமிங்கிலம் ஒன்றாகப் பாடினால் நிரல் இன்னமும் தடுமாறுகிறது. அதற்கு முன், இன்றிரவு புது வயரோடு வாளி மறுபடி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்.