நெட் முதல் தாள்: வாதப் பிழைகளை எப்படிப் படிக்கலாம்?

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யூஜிசி நெட்டின் முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். பத்து அலகுகளில் ஆறாவது தருக்கம். வாதப் பிழைகள், அதாவது காரணத்திலிருந்து முடிவுக்குத் தப்பாகத் தாவும் வாதங்கள், அதில்தான் வருகின்றன. பெரும்பாலோர் கைடில் உள்ள பிழைப் பட்டியலை உருப்போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயரைச் சொன்னால் உதாரணம் சொல்வார்கள். ஊர்ப் பேச்சில் அதே பிழை வந்தால் பாதிப் பேருக்குப் பிடிபடாது.

நாகர்கோவிலில் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளிடம் நான் இரண்டு வாக்கியங்களைக் கொடுப்பது வழக்கம். முதலாவது: "ஹெல்மெட் போட்டவனும்தான் சாகிறான், அப்புறம் எதுக்கு ஹெல்மெட்?" எல்லாரும் சிரித்துவிட்டு, தப்பு என்பார்கள். சிறிது நேரம் கழித்து இரண்டாவது: "கோச்சிங் போனவனும்தான் பெயிலாகிறான், அப்புறம் எதுக்கு கோச்சிங்?" வீட்டிலிருந்தே படிக்கிறவர்கள் உடனே தலையாட்டுவார்கள். "உள்ளதைத்தானே சொல்லியிருக்கு அண்ணே, இதில் என்ன தப்பு?" என்று ஒரு தம்பி விடாமல் சண்டை போட்டான். இரண்டும் ஒரே அச்சு. முழுப் பலன் இல்லை என்பதால் பலனே இல்லை என்கிற தாவல். கோச்சிங் தேவையில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்கு இந்தக் காரணம் போதாது.

முடிவு நமக்குப் பிடித்துவிட்டால் காரணத்தில் உள்ள ஓட்டை தெரிவதில்லை. எவன்ஸ், பார்ஸ்டன், பொல்லார்ட் ஆகிய மூவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: நம்பும்படியான முடிவு என்றால், செல்லாத வாதத்தையும் ஆட்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் பயிற்சியின்போது முடிவை விரலால் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை வைத்துப் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு உதாரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி. 'அதனால் எங்கள் குடும்ப குரூப்பில் பொய்ச் செய்தி வராது' என்றால்? மொத்தத்துக்கு உள்ள குணத்தை ஒவ்வொருவர் தலையிலும் கட்டுவது பிரிவுப் பிழை. ஊர்ப் பெருமை கலந்திருப்பதால் இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பாடம் படித்த புதிதில் இதற்கு நேர்மாறான வியாதியும் வரும். எதைப் பார்த்தாலும் பிழை என்று குத்துவது. 'டாக்டர் சொன்னார், அதனால் மாத்திரையை நிறுத்தவில்லை' என்பது பிழையே அல்ல. நிலத் தரகருக்குக் கமிஷன் உண்டு, எனவே விசாரித்து வாங்கு என்பதும் சரிதான். தரகர் ஆள் சரியில்லை, எனவே பத்திரமே போலி என்றால் மட்டும் அது ஆளைத் தாக்கும் பிழை.

இந்தியத் தருக்கப் பகுதியை ஒதுக்காதீர்கள். நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபு சொல்லும் ஐந்து ஹேத்வாபாசங்களையும், அதாவது போலிக் காரணங்களையும், ஒரே மலையை வைத்துத் தொடங்கலாம், எனக்கு மருத்துவாமலை. மலையில் புகை, எனவே நெருப்பு என்பது சரியான அனுமானம் (காரணத்தை வைத்து முடிவுக்கு வருவது). மழைக்காலத்தில் தெரிவது புகையா மேகமா என்றே தெரியாமல் நெருப்பு என்றால், காரணமே நிலைபெறவில்லை: அசித்தம். மணிமேகலையின் 29-ஆம் காதையிலும் பனியையும் புகையையும் குழப்பும் இந்த உதாரணம் உண்டு. நெருப்பு இருக்கிறது, எனவே புகை இருக்கும் என்றால், பழுக்கக் காய்ச்சிய இரும்பு கெடுத்துவிடும், அதில் புகை இல்லையே. காரணம் இருந்தும் முடிவு இல்லாமல் போகலாம்: சவ்யபிசாரம். உண்டாக்கப்பட்டது என்பதால் ஒலி அழியாதது என்றால், காரணம் எதிர் முடிவைத்தான் தரும்: விருத்தம்.

தேர்வில் அதிகம் குழப்புவது மற்ற இரண்டும்தான். ஒரு அனுமானத்தை அதே பலமுள்ள இன்னொரு அனுமானம் மறித்து நின்றால் சத்பிரதிபட்சம். 'நெருப்பும் ஒரு பொருள், எனவே குளிர்ச்சியானது' என்பதை மறிக்க இன்னொரு அனுமானம் வேண்டாம், தொட்டாலே போதும்: அது பாதிதம்.