சலுகை முடிந்த மென்பொருளை மீண்டும் நிறுவப் போன கதை

கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பொருத்தியதும், விண்டோஸைப் புதிதாக நிறுவியதும் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. அதற்கடுத்த நான்கு நாட்களைத் தின்றவை, விலைக்கு விற்கும் மென்பொருளை ஒரு நாள் மட்டும் இலவசமாகத் தரும் 24 மணி நேரச் சலுகைகளில் நான் சேர்த்து வைத்திருந்த ஐந்து மென்பொருள்கள்.

நான் அசட்டையாக இருந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை, அதற்குள் ஜிப் கோப்பு, உரிம எண்ணைக் குறித்து வைத்த நோட்பேட் கோப்பு எனப் பத்திரமாகவே வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒளிப்பட ஆல்பம் தயாரிக்கும் மென்பொருளின் நிறுவல் கோப்பை முதலில் சொடுக்கினேன். சிறிய பெட்டி ஒன்று தோன்றி, இணையத்தில் எதையோ விசாரித்து, சலுகைக் காலம் முடிந்துவிட்டதாக ஒற்றை வரியில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. இத்தனை நாளும் நான் காத்து வந்தது மென்பொருளின் நேரடி நிறுவல் கோப்பை அன்று. சலுகை வழங்கிய தளம் அதன்மேல் சுற்றிய உறையை. அந்தத் தளத்தின் சர்வர் அனுமதித்தால்தான் அந்த உறை உள்ளே இருப்பதை வெளியே விடும். கணினியின் தேதியைப் பழைய நாளுக்கு மாற்றியும் பார்த்தேன். என் கடிகாரத்தை அது பொருட்படுத்துவதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பிடிஎஃப் திருத்தும் மென்பொருளும் இதே கதைதான் என்பதால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே அதை இறக்கி நிறுவினேன். அங்கே கிடைத்தது புதிய பதிப்பு மட்டுமே. என்னிடம் இருந்த எண்ணோ பழைய பதிப்புக்கு உரியது. மூன்றாவது மென்பொருள், உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருப்பதாகக் கூறியது. கணினி அதேதான், மாறியது டிஸ்க் மட்டுமே. ஆனால் வன்பொருள்களின் அடையாளங்களைச் சேர்த்து உரிமத்தைப் பூட்டும் மென்பொருளுக்கு அதுவே வேறு கணினியாகிவிடக்கூடும். உதவி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இலவசப் பிரதிகளுக்கு ஆதரவு கிடையாது என்ற பதில், விலைத் தள்ளுபடிக் கூப்பனுடன் மூன்றாம் நாள் வந்தது. கோபப்படவும் வழியில்லை: சலுகைக் காலத்துக்குள் நிறுவ வேண்டும், புதுப்பிப்பும் ஆதரவும் இல்லை, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ரீட்மீ கோப்பில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அதை நான் திறந்து படித்தது அன்றைக்குத்தான்.

நான்காவது மென்பொருள், பெயரையும் எண்ணையும் கொடுத்ததும் மறுபேச்சின்றி இயங்கியது. அந்த மகிழ்ச்சியில், புதிய பதிப்பு வந்திருப்பதாகத் தோன்றிய பெட்டியில் யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்த, கண்ணெதிரே அது 30 நாள் சோதனைப் பதிப்பாக மாறிப்போனது. இதன் நிறுவல் கோப்பில் உறை எதுவும் இல்லாததால் தப்பித்தேன். நீக்கிவிட்டு, இணையத்தைத் துண்டித்து, மீண்டும் நிறுவி, தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்த பிறகே இணைப்பைக் கொடுத்தேன்.

என்னை உண்மையில் கலங்கடித்தது ஆல்ப மென்பொருள்தான். அதில் உருவாக்கிய பதினான்கு ஆல்பங்களும் அதற்கே உரிய கோப்பு வடிவில் இருந்தன. வேறெந்த மென்பொருளாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை. நல்லவேளையாகப் பழைய டிஸ்க்கை இன்னும் அழித்திருக்கவில்லை. அதையே மறுபடி பொருத்தி, பழைய விண்டோஸில் நுழைந்து, எல்லா ஆல்பங்களையும் ஜேபெக் படங்களாக ஏற்றுமதி செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே கழிந்தது. அதன்பின் டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அந்த டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலாக, அதாவது பிம்பக் கோப்பாக, எடுத்து வைத்தேன். முதலிலேயே அந்தப் பிம்பத்தை எஸ்எஸ்டியில் இறக்கியிருந்தால் பெரும்பாலான தொல்லை மிச்சமாகியிருக்கும். மூன்றாவதைப் போல டிஸ்க்கின் அடையாளத்தையும் பார்க்கும் மென்பொருள் அப்போதும் முரண்டு பிடித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் இத்தகைய சலுகையைக் கண்டால், உரிம எண்ணைத் தருவது தயாரிப்பாளரா, இடையிலிருக்கும் தளமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். தயாரிப்பாளரே தந்தால், எண் வந்த மின்னஞ்சலோடு அதே பதிப்பின் நிறுவல் கோப்பையும் சேர்த்து வைக்கிறேன். உறையிட்ட கோப்பு என்றால், அடுத்த டிஸ்க் மாற்றம் வரைதான் அதற்கு ஆயுள் என்று எண்ணி, முக்கியமான வேலை எதையும் அதில் தொடங்குவதில்லை.

ஐந்தாவது மென்பொருளை நான் நிறுவவே இல்லை. கோப்புறையைத் திறந்து பெயரைப் பார்த்தபோது, அது எதற்குப் பயன்படும் என்பதே நினைவுக்கு வரவில்லை.