நீராவிப் படகு: இரண்டாவது வெள்ளோட்டம்

ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர்க்குளத்தில் விட்ட முதல் வெள்ளோட்டத்தில் நான் செய்த சின்ன நீராவிப் படகு 40 அடி போய் நின்றுவிட்டது. ரிமோட்டில் என்ன திருகியும் அசையவில்லை. சித்தப்பா மகன்தான் நீந்திப்போய் இழுத்து வந்தான். கரையில் வைத்துப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, அழுத்தமானியில் 2 பார் அப்படியே நிற்கிறது. எஞ்சின் மட்டும் சுற்றவில்லை.

படகு 90 செ.மீ. நீளம். முன்னும் பின்னும் தளத்துக்கு அடியில் தக்கை போன்ற தஞ்சாவூர் நெட்டியை அடைத்திருக்கிறேன். தண்ணீர் ஏறினாலும் மூழ்காது. கொதிகலன் 75 மி.மீ. செம்புக் குழாய். அதில் வால்வுகள் மாட்டும் புஷ்களைப் பித்தளையில் கடையச் சொல்லி நாச்சியார்கோவில் பட்டறைக்குப் போனேன். "தம்பி, விளக்குக்குப் பித்தளை சரி. கொதிக்கிற தண்ணிக்கு வெண்கலம் போடுங்க" என்றார் கடைசல்காரர். கொதிநீரில் நாளடைவில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து உலோகம் புரையோடிவிடும். அவர் கடைந்து தந்த ஆறு வெண்கலப் புஷ்களும் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. இணைப்புகளுக்கு வெள்ளிப் பற்றாசுதான். 3 பாரில் நீராவி 143 டிகிரி. சாதாரண ஈயப் பற்றாசு 183-லேயே இளகத் தொடங்கும், தண்ணீர் வற்றினால் கதை முடிந்தது. பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறக்கும். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பச்சைத்தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் 6 பார்வரை ஏற்றிச் சோதித்துவிட்டேன். தண்ணீர் அழுத்தத்தில் விரிசல் விட்டால் பீச்சியடிப்பதோடு சரி, வெடிக்காது.

பிறகு ஏன் நின்றது? இரண்டு நாள் யோசித்தேன். நீண்ட நேரம் ஓடட்டும் என்று கொதிகலனில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பியிருந்தேன். மேலே நீராவிக்கு இடமில்லை. கொதித்த தண்ணீர் தளும்பி, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போயிருக்கிறது. என்னுடையது ஆடும் சிலிண்டர்; அது இப்படியும் அப்படியும் ஆடும்போதே நீராவி போய்வரும் துளைகள் திறந்து மூடும். ஸ்பிரிங்தான் சிலிண்டரை அந்தத் துளைகள் உள்ள தகட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாதே! பிஸ்டன் தள்ளியதும் சிலிண்டர் தகட்டைவிட்டு எழும்பி, நீராவியெல்லாம் பக்கவாட்டில் போய்விட்டது. உடையாமல் தப்பியதே அந்த ஸ்பிரிங்கால்தான்.

இப்போது மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்புகிறேன். அதற்கும் கீழே இறக்கினால் உள்ளே ஓடும் தீக்குழாய் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். நீராவிக் குழாயைக் கொதிகலனின் உச்சியிலிருந்து எடுத்து, தீக்குழாய்க்குள் ஒரு வளைவு விட்டேன்; ஈரம் அங்கேயே காய்கிறது. சூடு வீணாகாதபடி கொதிகலனுக்கு செராமிக் பேப்பர் சுற்றி, மேலே மெல்லிய தேக்குச் சட்டங்கள் கட்டினேன். வெளியேறும் நீராவியோடு வரும் எண்ணெயைப் பிடிக்கத் தனி டப்பா. மாடு தண்ணீர் குடிக்கிற குளம், அதில் எண்ணெய் மிதக்கக்கூடாது.

நேற்று சாயங்காலம் 14 நிமிடம் ஓடியது. அந்தச் சன்னமான 'சுக் சுக்' சத்தம் எதிர்க்கரைவரை கேட்டது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்து, "என்னடா, உண்மையிலேயே ஆவியிலயா ஓடுது?" என்றார்.

கடைசியில் ஆகாயத்தாமரை வேர் சிக்கித்தான் படகைத் தள்ளும் விசிறி நின்றது. அதைச் சுற்றி ஒரு கூண்டு கட்டக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன்.