எஃப்-இலிருந்து இ-க்கு: கிழக்கு லண்டன் மேல்மாடி ஃபிளாட் ஒன்றுக்கு இபிசி எடுத்த விதம்

ஈஸ்ட் ஹாம் பக்கம் 1900களின் தொடக்கத்தில் கட்டிய டெரஸ் வீடு, கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்தது. மேல் ஃபிளாட்டுக்குக் காஸ் இணைப்பு இல்லை. சுவரில் மின்சார பேனல் ஹீட்டர்கள், கப்போர்டுக்குள் வெந்நீர் சிலிண்டர், அவ்வளவுதான். பழைய இபிசியின் (வீட்டின் எரிசக்தித் திறனுக்கு ஏ முதல் ஜி வரை தரம் போடும் சான்றிதழ்) பத்து ஆண்டு செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டது. அடுத்த வாடகைக்காரருக்காகப் புதிதாக எடுத்தபோது வந்தது 34 புள்ளி, அதாவது எஃப். இ தொடங்குவது 39இல். ஐந்து புள்ளி குறைவு.

இந்த ஐந்து புள்ளி இல்லாமல் வீட்டை வாடகைக்கு விட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி, தனியார் வாடகை வீடு குறைந்தது இ தரத்தில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும் புதுப்பிப்புகளுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும். மீறி மூன்று மாதத்துக்குள் பிடிபட்டால் கவுன்சில் 2,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். மூன்று மாதமோ அதற்கு மேலோ என்றால் 4,000 வரை. எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 5,000ஐத் தாண்டாது. வீட்டுக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டிய செலவுக்கும் ஓர் எல்லை உண்டு: வாட் வரி உட்பட 3,500 பவுண்ட். (ஸ்கொட்லாந்துக்குச் சட்டம் வேறு. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

எஃப் வந்ததும் பலர் செய்வது ஹீட்டர் கடைக்கு ஓடுவது. அதற்கு முன் சான்றிதழை வரி வரியாகப் படிக்க வேண்டும். சுவர், கூரை, ஜன்னல், சூடாக்கல், வெந்நீர், விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரிகளின் கடைசியில் 'அஸ்யூம்ட்' என்ற சொல் எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் மதிப்பீட்டாளர் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, கட்டிய காலத்தை வைத்து மென்பொருள் ஊகித்திருக்கிறது என்று பொருள். இந்த ஃபிளாட்டில் கூரை வரி அப்படித்தான் இருந்தது: சாய்வுக் கூரை, இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) இல்லை, அஸ்யூம்ட். காரணம் அற்பமானது. லாஃப்ட் (கூரைக்குக் கீழுள்ள காலி இடம்) மூடியைப் பெயின்ட் அடித்து ஒட்ட வைத்திருந்தார்கள். மதிப்பீட்டாளர் மூடியை உடைத்துத் திறக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. திறக்க முடியவில்லை என்றால் கட்டிய காலத்துக்குரிய மதிப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பழைய வீட்டுக்கு அந்த மதிப்பு மிக மோசமாக இருக்கும்.

வீட்டில் உண்மையிலேயே இன்சுலேஷன் இருந்தாலும் முடிவு இதுவேதான். அறைச் சுவருக்குள் பலகை பதித்திருக்கிறோம் என்று வாயால் சொன்னால் எண்ணிக்கையில் வராது. பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பிரிவு) முடிவுச் சான்று, காவிட்டி சுவர் (நடுவே வெற்றிடமுள்ள இரட்டைச் சுவர்) நிரப்பியதற்கான உத்தரவாதப் பத்திரம், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், வேலையையும் முகவரியையும் குறிப்பிடும் பில் என்று ஏதாவது கையில் வேண்டும்.

லாஃப்டைத் திறந்து பார்த்ததில் ஜாயிஸ்ட்களுக்கு (உட்கூரையைத் தாங்கும் மரச் சட்டங்கள்) நடுவே ஒன்றுமே இல்லை. ஊகம் சரிதான்! ஆனால் அடுத்த தடை லீஸில் (ஃபிளாட்டின் நீண்டகாலக் குத்தகைப் பத்திரம்) இருந்தது. மேல்மாடி ஃபிளாட் என்பதால் லாஃப்டும் நமதே என்று நினைப்பது இயல்பு. லீஸ் வரைபடத்தில் சிவப்புக் கோடு கூரையின் அடித்தளத்தோடு நின்றுவிட்டால் லாஃப்ட் ஃபிரீஹோல்டருடையது, அதாவது கட்டடத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளருடையது. அப்படி இருந்தால் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், கேட்ட ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் அதுவே இ தர விதியிலிருந்து விலக்குப் பெற ஆதாரமாகும். இங்கே சில வாரத்தில் அனுமதி வந்தது. வேலையின் மிக நீண்ட காத்திருப்பும் இதுதான், ஆகவே முதல் நாளே கடிதம் எழுதுவது நல்லது.

இன்சுலேஷன் போட்ட முறை: ஜாயிஸ்ட்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் மினரல் வுல் ரோல், அதன் குறுக்கே 170 மில்லிமீட்டர், மொத்தம் 270. ஓரங்களில் கூரை விளிம்பை அடைத்துவிடக் கூடாது, காற்றுப் போக இடைவெளி விடாவிட்டால் ஈரம் கட்டி மரம் கெடும். மின் கம்பிகளை வுல்லுக்குக் கீழே புதைக்காமல் மேலே எடுத்து வைக்க வேண்டும், சூடாகும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் பக்கங்களுக்கும் மேலுக்கும் போட்டு, அடியில் விட்டுவிட வேண்டும். கீழிருந்து வரும் சூடுதான் அது உறையாமல் காக்கிறது. லாஃப்ட் மூடியின் பின்புறத்திலும் ஒரு துண்டு ஒட்ட வேண்டும். சுலபம், விரைவு என்று சொல்லி ஸ்ப்ரே ஃபோம் விற்க வருபவர்களை அனுப்பிவிடுங்கள். புள்ளி ஏறும்தான், ஆனால் கூரை மரத்தில் ஃபோம் ஒட்டிய வீட்டுக்கு மோர்ட்கேஜ் தரப் பல வங்கிகள் தயங்குகின்றன.

வேலை முடிந்த அன்றே டேப் அளவையை வுல்லுக்குள் செருகி, 270 தெரியும்படி படம் எடுத்தாகிவிட்டது. பின்னால் யாராவது பலகை போட்டு மூடினாலும் அந்தப் படம் பேசும்.

பணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. 2022 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் இறுதி வரை, இன்சுலேஷன் போன்ற எரிசக்தி சேமிப்புப் பொருட்களை ஒருவரே கொண்டுவந்து பொருத்தித் தந்தால் வாட் சுழியம். நாமே கடையில் வாங்கினால் வழக்கமான 20 சதவீதம். ஆள் வைப்பதா தானே செய்வதா என்று கணக்குப் பார்க்கும்போது இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து சிலிண்டர். பழைய மெல்லிய உறைக்குப் பதில் 80 மில்லிமீட்டர் ஜாக்கெட், கூடவே எல்லா பல்புகளும் எல்இடி. 2025 ஜூனில் வந்த ஆர்டிசாப் 10 என்ற இபிசி கணக்கீட்டு முறையில் பல்புகள் எண்ணப்படுகின்றன, ஜன்னல்களும் ஒவ்வொன்றாக அளக்கப்படுகின்றன. பல்பால் கிடைப்பது ஓரிரு புள்ளிதான், ஆனால் செலவு அற்பம்.

சுவரைத் தொடவில்லை. வெளியே செங்கலின் நீண்ட பக்கமும் குட்டைப் பக்கமும் மாறிமாறித் தெரிகிறது, அதாவது நடுவே வெற்றிடம் இல்லாத ஒரே திண்ணிய சுவர். உள்ளிருந்து பலகை போட்டால் அறை சுருங்கும், ஜன்னல் ஓரங்களில் ஈரம் பிடிக்கும் இடங்கள் வரும், செலவும் 3,500ஐ எளிதில் தாண்டும்.

ஹீட்டர் விஷயம் இன்னும் நுட்பமானது. இபிசியின் எண் எரிபொருள் செலவை வைத்துக் கணக்கிடப்படுவது. பகல் விலை மின்சாரத்தில் ஓடும் பேனல் ஹீட்டர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதே மோசமான இடத்தில்தான் நிற்கும். பழையதைக் கழற்றி இன்னொரு பேனல் ஹீட்டர் பொருத்துவது வீண் செலவு. நல்ல புள்ளி தருவது, இரவு விலை மீட்டரோடு சேர்ந்த, சூட்டை அதிகம் தக்கவைக்கும் வகை ஸ்டோரேஜ் ஹீட்டர் (இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் வெளியிடுவது). அதற்கு மீட்டர் மாற்றமும் வேண்டியிருக்கலாம். பேனல் ஹீட்டரைக் கழற்றிவிட்டுச் சுவரை வெறுமையாக வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவது இன்னும் மோசம். பொருத்திய சூடாக்கல் இல்லை என்றால் மென்பொருள் கையடக்க மின் ஹீட்டரை ஊகித்துக்கொள்ளும். இங்கே ஸ்டோரேஜ் ஹீட்டருக்குச் செல்ல வேண்டிய நிலை வரவில்லை.

மறு மதிப்பீட்டுக்கு ஆளை அழைக்கும்போது ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் வரைவைக் காட்டுவீர்களா? பதிவானது உடனே பழையதன் இடத்தைப் பிடித்துவிடும். பிழை இருந்தால் முதலில் மதிப்பீட்டாளரிடம், பிறகு அவரை அங்கீகரித்த அமைப்பிடம் என்று அலைய நேரும். வரைவில் பார்க்க வேண்டியவை: கட்டிய காலம் சரியா, தரைப் பரப்பு சரியா, மீட்டர் ஒற்றை விலையா இரட்டை விலையா, கீழே இன்னொரு வீடு இருப்பது எழுதப்பட்டிருக்கிறதா. கீழ்த்தளம் சூடான வீடு என்பது மாடி ஃபிளாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் சாதகம், அதை விட்டுவிடுவது பெரிய இழப்பு. மதிப்பீட்டாளர் வரும் நாளில் லாஃப்ட் ஏணி, மீட்டர் கப்போர்டின் சாவி, துணிமூட்டை அகற்றிய சிலிண்டர் கப்போர்டு, இவை மூன்றும் தயாராக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

புது எண் 46, இ. கூரை வரியில் அஸ்யூம்ட் போய், 270 மில்லிமீட்டர் என்று வந்திருந்தது.

இதிலும் 39 வராமல் போயிருந்தால் அடுத்த வழி விலக்குப் பதிவேடு. 3,500க்குள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தும் இ வராவிட்டால் ஒரு வகை விலக்கு. மிகக் குறைந்த செலவுள்ள பரிந்துரையே 3,500ஐத் தாண்டினால் வேறு வகை, அதற்கு மூன்று வெவ்வேறு ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளி கேட்பார்கள். விலக்கு ஐந்து ஆண்டுக்கு, வீட்டை விற்றால் வாங்கியவருக்குப் போகாது. பதிவது வீட்டுக்காரர் பொறுப்பில் என்பதால் யாரும் வந்து சரிபார்க்க மாட்டார்கள் என்று துணியக் கூடாது, தவறான தகவலுக்கு 1,000 பவுண்ட் வரை தனி அபராதம் உண்டு.

சான்றிதழ் வந்ததும் அதன் 20 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, விளம்பரத்தில் தரத்தைப் போட்டு, பிரதியை வாடகைக்காரருக்கு இலவசமாகக் கொடுத்தாயிற்று. 2030க்குள் சி என்ற இலக்கை நோக்கி விதிகள் நகர்வதால், 46க்கும் 69க்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஸ்டோரேஜ் ஹீட்டரோ வேறு வழியோ பின்னால் தேவைப்படும். அப்போது வரும் மதிப்பீட்டாளருக்காக டேப் அளவைப் படம், ஃபிரீஹோல்டர் கடிதம், இன்சுலேஷன் பில் மூன்றும் ஒரே கோப்பில் இருக்கின்றன.