தொட்டிக் குறிப்பேடு: முருகைக்கல்லும் அமிலக் கடலும், கொழும்பு

2025 ஜனவரி 9

கடல் அமிலமாக ஆக முருகைக்கல்லின் பரம்பரையலகுகள் எப்படிப் பதில் சொல்கின்றன என்று தொட்டியில் பார்க்கும் சோதனை இது. கடல்நீரை எங்கே அள்ளுவது என்பதில் தொடங்குகிறது தலைவலி. மட்டக்குளிப் பக்கம் களனி கங்கை கடலில் விழுகிறது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கால்வாய்கள் இறங்குகின்றன. மழைக்கு மறுநாள் அங்கே வாளி போட்டால் நன்னீர் கலந்த தண்ணீர்தான் வரும். உப்புக் குறைந்தால் மொத்தக் காரத்தன்மையும் (அமிலத்தை முறிக்கும் திறன்) குறையும். பிறகு முருகைக்கல் எதற்குப் பதில் சொல்கிறது என்றே தெரியாது. கல்கிசைக்கு வெளியே படகில் போய் எடுத்து, 1 மைக்ரோன் வடியில் வடித்துவிட வேண்டும்.

ஜனவரி 12

பீஎச் (குறையக் குறைய அமிலம் கூடும்) மானியை, பீஎச் எளிதில் மாறாத 4, 7, 10 தாங்கற் கரைசல்களில் திருத்திவிட்டு அப்படியே கடல்நீருக்குள் விடுவது எல்லா இடத்திலும் நடக்கும் பிழை. அந்தக் கரைசல்களின் அளவுகோலில் கடல்நீர், கடல்நீருக்கென்றே உள்ள மொத்த அளவுகோலில் காட்டுவதைவிட ஏறத்தாழ 0.1 கூடுதலாகத் தெரியும். கைத்தொழிற் புரட்சிக்குப் பிறகு கடலின் மேற்பரப்பு இழந்ததே ஏறத்தாழ 0.1 தான். செயற்கைக் கடல்நீரில் கரைத்த டிரிஸ் என்ற தாங்கற் கரைசலே சரி: உப்பளவு 35இல், 25 பாகையில் 8.09. ஒரு பாகை ஏறினால் ஏறக்குறைய 0.03 இறங்கும். ஆகவே தொட்டி 28 பாகையில் இருந்தால் டிரிஸும் 28 பாகையில் இருக்க வேண்டும்.

ஜனவரி 15

தொட்டிகளுக்கு பீஎச் இலக்குகள் மூன்று: 8.05, 7.8, 7.6. காபனீரொட்சைட்டை ஊதித்தான் இறக்க வேண்டும், அமிலம் ஊற்றக் கூடாது. வாயு கரைந்தால் கரைந்த காபனின் அளவு கூடும், காரத்தன்மை அசையாது. ஐதரோகுளோரிக்கமிலம் ஊற்றினால் காரத்தன்மை விழும், அது வேறு இரசாயனம். (2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் இருந்த நைத்திரிக்கமிலத்தைக் காட்டி "இதுதான் கடல் அமிலமாதல்" என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. அல்ல.)

8.05இல் நிற்க வேண்டிய கட்டுப்பாட்டுத் தொட்டிக்கு ஊதும் காற்றை அறைக்குள்ளிருந்து எடுக்காதீர்கள். ஏசி போட்டு மூடிய அறையில் நாலு பேர் இருந்தால் காபனீரொட்சைட்டு 1000 பிபிஎம்மைத் தாண்டுவது பெரிய விஷயமல்ல. அந்தக் காற்று கட்டுப்பாட்டுத் தொட்டியையே 7.8 பக்கம் இழுத்துவிடும். குழாயை யன்னலுக்கு வெளியே விடுங்கள், ஜெனரேட்டர் புகை வராத பக்கமாக.

ஜனவரி 22

வனசீவராசிகள் திணைக்கள அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் வெட்ட முடியாது. எடுத்தது போசிலோபோரா என்ற முருகைக்கல். ஒவ்வொரு தாய்க்கூட்டத்திலிருந்தும் 3 சென்றிமீற்றர்த் துண்டுகள், மூன்று பீஎச்சுக்கும் பங்கிட்டு. ஒரே பிறப்புரிமையமைப்பு (ஒரே பரம்பரையலகுத் தொகுதி) மூன்று தொட்டியிலும் இருந்தால்தான் எது நீரால் வந்த மாற்றம், எது பிறவியிலேயே அப்படி என்று பிரிக்கலாம்.

போசிலோபோராவை உருவம் பார்த்து நம்பக் கூடாது. ஒரே மாதிரி இருப்பவை வேறு வேறு இனமாக இருக்கும், ஐந்து மீற்றர் தள்ளி இருப்பவை ஒன்றின் நகலாகவும் இருக்கலாம். இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) டிஎன்ஏயில் ஓஆர்எஃப் எனப்படும் துண்டை வாசித்து இனத்தையும், நுண்தொடர் குறியீடுகளால் (திரும்பத் திரும்ப வரும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) நகலையும் முதலே பார்த்துவிட வேண்டும். வெட்டுக்காயம் ஆற இரண்டு வாரம்.

பெப்ரவரி 9

பாணந்துறைத் துணைமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கின் புண்ணியத்தில் நாடு முழுக்க மின்தடை. வாயுக் குழாயில் இருந்தது மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வகை வால்வு என்பதால் காபனீரொட்சைட்டு கொட்டவில்லை. திறந்தே நிற்கும் வகையை மாட்டியிருந்தால் எல்லாம் செத்திருக்கும். பட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு கட்டாயம். சூடு ஏறியிருந்தால் எச்எஸ்பி70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் பரம்பரையலகுகள் எழும். அதை அமிலத்தின் வேலை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஒரு வாரத்துக்கு மாதிரி எடுக்கக் கூடாது.

மார்ச் 5

மாதிரி எடுப்பு. எல்லாத் துண்டும் காலை 11க்கும் 11.30க்கும் இடையில், தொட்டி வரிசையைக் குலுக்கிப்போட்டு. சுண்ணாம்பு படிவது வெளிச்சத்தோடு ஓடும் வேலை. ஒரு தொட்டியைக் காலையிலும் மற்றதைப் பின்னேரமும் எடுத்தால் கிடைப்பது நேர வித்தியாசம். வெளியே எடுத்தவுடன் திரவ நைதரசனுக்குள்.

மார்ச் 7

ஆர்என்ஏ பிரிப்பு: எந்தப் பரம்பரையலகு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதுதான் காட்டும். உறைந்த துண்டை நைதரசன் ஊற்றிய உரலில் மாவாக இடித்து, 100 மில்லிகிராமுக்கு டிரைசோல் (ஆர்என்ஏயைப் பிரிக்கும் அமிலக் கரைசல்) 1 மில்லிலீற்றர். ஊற்றியதும் சில குழாய்கள் சோடாப்போத்தல் மாதிரி நுரைத்து மூடியைத் தள்ளும். வன்கூட்டின் சுண்ணாம்பு டிரைசோலின் அமிலத்தோடு மல்லுக்கட்டுவதே காரணம். நுரை பிரச்சினையில்லை, அமிலம் முறிவதுதான் பிரச்சினை: பீஎச் ஏறினால் இடைப்படையில் நிற்க வேண்டிய டிஎன்ஏ மேற்படைக்கு வந்து ஆர்என்ஏயோடு கலக்கும். மாவைக் குறைவாகப் போட்டு, ஒரு சுழற்சியில் வன்கூட்டை அடியில் இறக்கி, தெளிந்ததை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றிய பிறகே குளோரோபோம் 0.2 மில்லிலீற்றர். 4 பாகையில், 12,000 ஜீயில் (புவியீர்ப்பின் 12,000 மடங்கு விசையில்) 15 நிமிடச் சுழற்சி. கடைசியில், மிஞ்சிய டிஎன்ஏயை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியம். இழையாக வரும் முருகைச் சளியை அகற்ற, ஐசோபுரொப்பனோலோடு உப்புக்கூடிய சிற்றேற்றுக் கரைசல்.

மார்ச் 20

எதைத் தேடுகிறோம்? வன்கூட்டுக்கு மேல் படர்ந்த கலங்கள் கல்சியத்தை உள்ளே தள்ளி ஐதரசன் அயனை வெளியே இறைக்கின்றன. சுண்ணாம்பு படியும் அந்த மெல்லிய நீரின் பீஎச் வெளிக்கடலைவிட எப்போதும் மேலே நிற்கும். கடல் அமிலமாக ஆக, இந்த இறைப்பு மேட்டுநிலத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது போலக் கடினமாகும். ஆகவே கல்சியம் ஏரிபிஏஸ் (இறைக்கும் பம்பு), எஸ்எல்சி4 இருகாபனேற்றுக் கடத்திகள், காபோனிக் அன்ஹைட்ரேஸ் (காபனீரொட்சைட்டை இருகாபனேற்றாக்கும் நொதியம்), கலக்சின் (வன்கூட்டுப் புரதம்) ஆகியவற்றின் பரம்பரையலகுகளில் கண் வைக்கிறோம்.

ஆனால் இவை ஏறினால் "இசைவாக்கம்" என்று எழுதுவது தவறு. அது பழகல் மட்டும். சந்ததிக்குப் போகும் மாற்றத்துக்கு, பிறப்புரிமையமைப்புகளுக்கு இடையே பதிலில் வித்தியாசம் இருக்க வேண்டும், அதில் சில அதிகம் பிழைத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொன்று உண்டு: ஸ்டைலோபோரா என்ற முருகைக்கல்லை பீஎச் 7.2 வரை இறக்கி இரண்டு வருடத்துக்கு மேல் வளர்த்தபோது டிஎன்ஏ மெதைலேற்றம் (எழுத்தின் மேல் ஒட்டும் மெதைல் கூட்டம்) மாறியதை 2018இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுத்து அதே, அடிக்கோடு மட்டும் புதுசு.

அதைப் பார்க்க இருசல்பைற்று முறை வேண்டும். டிஎன்ஏ எழுத்துகளில் மெதைல் இல்லாத 'சி', அதில் 'டி' ஆகத் தெரியும். பிறப்பிலேயே 'டி' இருந்தாலும் அப்படித்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு தாய்க்கூட்டத்தின் சாதாரண வரிசையையும் தனியே வாசிக்க வேண்டும். மெதைலே இல்லாத லம்டா வைரசு டிஎன்ஏயை ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் கலந்தாயிற்று. அதன் 'சி'களில் 99 வீதத்துக்குக் குறைவாகவே 'டி' ஆகியிருந்தால் அந்தக் குழாயைத் திரும்பச் செய்வது.